மாப்பிள்ளை பார்க்க நடந்த நாள்

மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றால் ஊரில் எல்லோரும் பஜ்ஜியும் கேசரியும் செய்வார்கள். நான் ஷூ வாங்கினேன். ஐம்பத்தாறு வயதில், லிங்கராஜபுரத்தில் பஸ் ஸ்டாப்புக்கு எதிர்க்கடையில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஜோடியாகப் போட்டு நடந்து பார்த்தேன். "என்ன ஆன்ட்டி, டாக்டர் வாக்கிங் போகச் சொன்னாரா?" என்று கடைக்காரர் கேட்டார். இல்லப்பா, மாப்பிள்ளை பாக்கப் போறேன் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று என் மகள் சத்தியம் வாங்கியிருந்தாள்.

விஷயம் இதுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை கொடுத்து, சேலைக்கு ஜாக்கெட் தைத்தும் வந்துவிட்டது. இரண்டு வாரம் இருக்கும்போது பையன் வீட்டிலிருந்து ஃபோன் செய்து வேண்டாம் என்றார்கள். காரணம் என்று ஒன்றும் உருப்படியாகச் சொல்லவில்லை. என் மகள் அன்றைக்கு அழக்கூட இல்லை. மறுநாள் ஆபீசுக்குப் போனாள். அதற்குப் பிறகு கல்யாணம் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். ஃபோனில் ஒரு பையனின் படத்தைக் காட்டினால், பார்க்காமலேயே திருப்பிக் கொடுப்பாள். நானும் அவள் அப்பாவும் வாயை மூடிக்கொண்டோம். வாயை மூடுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவள், போன டிசம்பரில் ஒரு ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ படம் காட்டினியே, இங்க வேலை பாக்கற கோயம்புத்தூர் பையன், அவன்கிட்ட பேசினேன். பரவால்ல. நேர்ல பாக்கலாம்னு இருக்கேன்" என்றாள். எனக்குப் புரை ஏறிவிட்டது. அவள் அப்பா தண்ணீரை எடுத்துக் கொடுத்துவிட்டு, பேசாதே பேசாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

வீட்டுக்கு வரக் கூடாது, ஹோட்டல் கூடாது, கோயில் கூடாது. அவள் அவ்வப்போது போகிற ஞாயிற்றுக்கிழமை நடைக்கு அவனும் வரட்டும் என்றாள். ஒரு கும்பலாகக் கிராமத்துப் பக்கம் கூட்டிப்போய், நாள் முழுக்க நடக்கவிட்டு, ஒரு மலையும் ஏற வைத்து, சாயங்காலம் கொண்டுவந்து விடுவார்கள். "உக்காந்து பேசினா எல்லாருமே நல்லவங்கதாம்மா. நடக்கும்போதுதான் தெரியும்" என்றாள். நானும் வருவேன் என்றேன். முடியாது என்றாள். நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் இறங்கி வந்தாள். ஆனால் நிபந்தனை போட்டாள். நான் யாரோ, அவள் யாரோ. பக்கத்தில் உட்காரக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, அவனிடம் ஒரு கேள்வி கேட்கக் கூடாது. "நீ இருக்கேன்னு தெரிஞ்சா அவன் நடிப்பான். நானும் நடிப்பேன். ப்ளீஸ்மா" என்றாள். அந்த ப்ளீஸ் என்னை என்னவோ செய்தது. தலையை ஆட்டினேன்.

விடியற்காலையில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேரும் தனித்தனி ஆட்டோவில் போனோம். கூத்துதான். வேனில் ஏறியதும் கூட்டிப்போகிற பெண் என்னைப் பார்த்துச் சந்தோஷமாகிவிட்டாள். கன்னடக்காரப் பெண், சின்ன வயது, கழுத்தில் விசில். "ஆன்ட்டி, ஒப்பரே பந்திதீரா?" என்றாள். ஆமாம், தனியாகத்தான் வந்தேன் என்று நானும் கன்னடத்தில் சொன்னேன். உடனே வேன் முழுவதும் எனக்குக் கை தட்டியது. இந்த வயதில் தனியாக வந்திருக்கிறார் பாருங்கள் என்று எல்லோருக்கும் என்னைக் காட்டினாள். என் மகளும் கை தட்டினாள். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியதை நான் மட்டும் பார்த்தேன். அந்தச் சிரிப்பே எனக்குப் போதும் போல இருந்தது.

போகும் வழியிலேயே மைக்கைக் கொடுத்து ஒவ்வொருவராகத் தங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னாள் அந்தப் பெண். நான் எதையோ உளறி வைத்தேன். பையன் வேனில் இல்லை. பைக்கில் வந்து அத்திபெலேயில் டிபன் சாப்பிடும் இடத்தில் சேர்ந்துகொள்வான் என்று மகள் முந்தின நாளே சொல்லியிருந்தாள். அதுவரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பனி மூடிய ஹோசூர் ரோட்டில் எந்த பைக் வேனைத் தாண்டினாலும் ஜன்னலில் மூக்கை ஒட்டிப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எனக்கு வாந்தி வருகிறது என்று நினைத்து ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார்.

அத்திபெலேயில் இறங்கி இட்லித் தட்டை வாங்கினேன். ஒரு வாய் இறங்கவில்லை. மகள் நாலு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தாள். இஸ்திரி போட்ட மஞ்சள் குர்தா, காதில் சின்ன ஜிமிக்கி. மலை ஏறப் போகிறவள் எதற்கு ஜிமிக்கி போடுகிறாள்? என் பெண் அன்றைக்கு ஆசையோடு வந்திருந்தாள், அவ்வளவுதான். அவள் ஃபோன் மினுக்கியது. எடுத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஃபோனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். வந்துவிட்டான், வாசலில் நிற்கிறேன் என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன்.

நினைத்த மாதிரியே வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. தனியாக ஒரு பையன். ஹெல்மெட்டைக் கழற்றித் தொப்பியை மாட்டினான். கூலிங் கிளாஸ், தாடி. படத்தில் கோட்டு சூட்டோடு மழமழவென்று இருந்தான். இப்போது தாடி வைத்திருக்கிறானாம் என்று மகள் சொல்லியிருந்தாள். உடனே ஃபோனில், "வந்து சேந்துட்டேம்மா, நீ சாப்டுட்டு மாத்திரை போடு" என்றான். தமிழ்! கூட்டிப்போகிற பெண்ணிடம் போய்த் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டான். அம்மா மாத்திரை போட்டாளா என்று கவலைப்படுகிற பிள்ளை. இதற்கு மேல் என்ன வேண்டும்? நான் குளிர்ந்து போன இட்லியை எடுத்து விழுங்கினேன்.

அங்கிருந்து உள்ளே போய், ஓர் ஏரிக்கரையில் இறக்கிவிட்டார்கள். வரிசையாகத்தான் நடக்க வேண்டுமாம். முன்னால் போகிறவரைத் தாண்டக் கூடாது, பின்னால் வருகிறவர் கண்ணில் படாவிட்டால் நின்றுவிட வேண்டும். என் மகள் விறுவிறுவென்று போய் எல்லோருக்கும் முன்னால், விசில் பெண்ணின் பின்னால் ஒட்டிக்கொண்டாள். பையன் கடைசியில் போய் நின்றான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏண்டி, பேசத்தானேடி வந்தே? இவன் வடக்கே, நீ தெற்கே போனால் எங்கிருந்து பேசுவது? வெட்கமா? முப்பது வயதில் என்ன வெட்கம்? ஷூ லேஸ் கட்டுகிற சாக்கில் நான் குனிந்தேன். எல்லோரையும் போகவிட்டு அவனுக்கு முன்னால் வரிசையில் நுழைந்துகொண்டேன்.

ஏரி அழகாகத்தான் இருந்திருக்கும். நாமக்கோழி, கொக்கு என்று முன்னால் எதையெதையோ காட்டிக்கொண்டிருந்தார்கள். அறுத்த ராகிக் கதிரைத் தார் ரோட்டிலேயே பரப்பி வைத்திருந்தார்கள், வண்டி ஏறி மணி உதிரட்டும் என்று. எல்லோரும் ஃபோட்டோ எடுத்தார்கள். நான் முன்னால் மஞ்சள் குர்தாவையும் பின்னால் தொப்பியையும் மாறி மாறிப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டேன். 'திரும்பிப் பாருடி' என்று வாட்ஸப்பில் அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நின்றது. ஃபோனை அணைத்து வைத்திருக்கிறாள் போலிருக்கிறது. ராங்கி.

ஒரு கேள்வி கேட்கக் கூடாது என்றுதான் சத்தியம். ஆனால் மாமியாராக வரப்போகிறவள் என்று அவனுக்குத் தெரியாமல் கேட்டால் அது கேள்வியில் சேருமா? நான் கன்னடத்தில் ஆரம்பித்தேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், கன்னடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழ்க்காரி என்று அவனுக்குச் சந்தேகமே வராது என்று கணக்குப் போட்டேன். அவனும் நல்ல கன்னடத்தில் பதில் சொன்னான். அதுவே எனக்கு ஒரு பெருமை. கோயம்புத்தூரிலிருந்து வந்து இவ்வளவு அழகாகக் கற்றுக்கொண்டிருக்கிறானே!

சமைப்பாயா என்று கேட்டேன். தினமும் காலைச் சமையல் தன்னுடையது என்றான். கோபம் வருமா என்றேன். வரும், ஆனால் சாப்பிட்டால் போய்விடும் என்றான். எங்கள் வீட்டுக்கென்றே செய்த பிள்ளை. வரப்பில் என் கால் சறுக்கியபோது சட்டென்று முழங்கையைப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு மேடு பள்ளம் வந்தாலே "மெல்லகே ஆன்ட்டி" என்று கையை நீட்டினான். நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நடந்தேன். ஒரு தடவை மகள் வரிசையை விட்டு ஒதுங்கி நின்றாள். நாங்கள் வரும்வரை காத்திருக்கிற மாதிரி இருந்தது. சரி, இப்போது பேசுவாள் என்று நான் இன்னும் கொஞ்சம் உரக்கச் சிரித்து, இடம் விட்டேன். அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். திரும்பவும் முன்னால் போய்விட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு நல்ல பையனைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு மரக்கட்டை மாதிரிப் போகிறாளே, இவளும் அலட்டிக்கொண்டு இந்த இடத்தையும் கெடுத்துக்கொள்ளப் போகிறாளே என்று அடித்துக்கொண்டது மனசு. இது போனால் அவள் இன்னொரு தடவை வாசலைத் திறக்கமாட்டாள். அது எனக்கு நிச்சயம்.

தைலமரத் தோப்பில் என் வீட்டுக்காரர் ஃபோன் செய்தார். மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பேசினேன்.

"என்ன, பையன் எப்டி?"

"தங்கம்ங்க. தங்கம்."

"அவ என்ன சொல்றா?"

"அவ கெடக்கறா. நான் முடிவு பண்ணிட்டேன்."

"ஏய், நீ ஒண்ணும் பண்ணாத. வாய வச்சிட்டு சும்மா இரு" என்றார். ஆனால் அவர் குரல் குழைந்து போயிருந்தது. எனக்குத் தெரியாதா? ஃபோனை வைத்ததும் அவர் தன் தங்கைக்குச் சொல்லியிருப்பார்.

மத்தியானம் ஓர் ஊரில், விவசாயி வீட்டு முற்றத்தில் சாப்பாடு. ராகி முத்தே என்கிற களி உருண்டை, அவரைக்கொட்டைக் குழம்பு. வட்டமாக உட்கார வைத்தார்கள். பையன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். எதிரில் என் மகள். மற்றவர்கள் களியை மென்று மென்று திண்டாடிக்கொண்டிருக்க, அவன் கிள்ளி, உருட்டி, குழம்பில் தோய்த்து அழகாக விழுங்கினான். நான் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் ஃபோன் கிணுகிணுத்தது. பார்த்தான், முகமெல்லாம் பல்லாகிவிட்டது. இடது கையால் ஃபோனை என் பக்கம் திருப்பினான். பல் முளைக்காத ஒரு குழந்தை, ஸ்பூனைக் கடித்துக்கொண்டிருந்தது.

"நன்ன மகளு" என்றான். மனைவி இப்போதுதான் அனுப்பினாள், முதல் முதலாகச் சாதம் ஊட்டியிருக்கிறார்கள் என்றான்.

எனக்குக் கோபம் வந்தால் கன்னடம் வராது.

"கல்யாணம் ஆயிடுச்சா உனக்கு? அடப்பாவி! பொண்டாட்டி புள்ளைய வீட்ல வச்சிட்டு என் பொண்ணப் பாக்க வந்திருக்கியா? வெக்கமா இல்ல? அவ பட்டது போதாதாடா? ஒரு தடவ கல்யாணம் நின்னு போய் மூணு வருஷம் கழிச்சு இப்பதான்டா அவ வெளில வந்தா!"

முற்றம் முழுவதும் கேட்டது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அந்த வீட்டு அம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டாள். பையன் களி உருண்டையை விரலில் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தான்.

"ஐயோ, ஆன்ட்டி," என்றான். "நீங்க தமிழா?"

"அதுவா இப்ப முக்கியம்?"

"இல்ல ஆன்ட்டி, காலைலேர்ந்து ரெண்டு பேரும் கன்னடத்துலயே..." என்று இழுத்தான். பிறகுதான் நான் சொன்னதெல்லாம் அவன் மண்டையில் ஏறியது. "எந்தப் பொண்ணு ஆன்ட்டி? இன்னா சொல்றீங்க? நான் இந்த ஊருதான், மர்பி டவுன் ஆளு. எங்க தாத்தா காலத்துலேர்ந்து அங்கதான். ஞாயித்துக்கெழம லீவு கெடச்சதேன்னு சும்மா நடக்க வந்தேன்."

மர்பி டவுன். கோயம்புத்தூர் இல்லை. அப்படியானால் அந்தப் பையன் எங்கே? எதிரில் பார்த்தேன். என் மகள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வேனில் எனக்குக் கை தட்டியவர்கள் எல்லோரும் இப்போது அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் யாரிடமும் சொல்லாமல் மூன்று வருடம் பொத்தி வைத்திருந்ததை நான் முற்றத்தில் கொட்டிவிட்டேன். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அவள் எழுந்து நின்றாள். ஓடிவிடுவாள் என்று நினைத்தேன்.

"இவங்க எங்கம்மா" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "இன்னிக்கு எனக்கு மாப்பிள்ளை பாக்க வந்தோம். மாப்பிள்ளை வரல. எல்லாரும் சாப்டுங்க, ஆறிடும்."

தமிழ் தெரியாதவர்களுக்காக அதையே கன்னடத்திலும் ஒரு தடவை சொன்னாள். பிறகு பையனிடம், "சாரிங்க. அவங்க ரொம்ப நல்லவங்க, கொஞ்சம் அவசரம்" என்றாள்.

"பரவால்ல சிஸ்டர்" என்றான் அவன். என் பக்கம் திரும்பி, "ஆன்ட்டி, டென்ஷனாவாதீங்க. சாப்டுங்க. சாப்ட்டா போய்டும்" என்றான். எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. விசில் பெண் என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிவிட்டுப் போனாள். அதை எப்படிச் சாப்பிட்டு முடித்தேன் என்று எனக்கு நினைவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் மற்றவர்கள் கை கழுவப் போனார்கள். நான் மகளைத் தேடிக்கொண்டு வைக்கோல் போர் பக்கம் போனேன். ஷூ லேஸை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்படி தெரியும் உனக்கு? எப்ப சொன்னான்?"

"அத்திபெலேல. இட்லி சாப்டும்போது மெசேஜ் வந்துது. அவங்க வீட்ல இஷ்டமில்லையாம். சாரின்னு ஒரு வார்த்த."

"காலைலயேவா? ஏண்டி எங்கிட்ட சொல்லல? சத்தியம் பண்ணினா என்ன, நான் உங்கம்மாடி!"

"சொல்லலாம்னுதாம்மா நடுவுல நின்னேன். நீ யாரோ ஒரு ஆளோட அப்டி சிரிச்சிட்டு வந்தே. நீ அவ்ளோ சிரிச்சு நான் பாத்து எவ்ளோ நாளாச்சு? எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

ஏரிக்கரையிலிருந்து இந்த முற்றம் வரை, அவ்வளவு தூரமும் அவள் அதைத் தனியாகச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறாள். பின்னாலேயே நான் அவளை ராங்கிக்காரி, மரக்கட்டை என்று திட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னேன். நாசமாய்ப் போகட்டும் அவன் என்றேன். இனிமேல் யாரையும் பார்க்க வேண்டாம், யார் படத்தையும் உன் முன்னால் நீட்டமாட்டேன், நீ எங்களோடு இருந்தால் போதும் என்றேன். ரோட்டுக்குப் போனால் ஏதாவது ஆட்டோ கிடைக்கும், வா, இப்போதே வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவள் பையைக்கூடத் தூக்கிவிட்டேன்.

அவள் பையை என்னிடமிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"மலை ஏறலையே இன்னும்" என்றாள்.

"என்னடி மலை, இப்ப போய்!"

"அம்மா, நேத்து ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே வரல, தெரியுமா? பயம். திரும்பவும் வேண்டாம்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயம். வேன்ல ஏறும்போதுகூட இறங்கிடலாமான்னு இருந்துது." அவள் கண் அப்போதுதான் நிறைந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "அவன் வரலம்மா. சரி. ஆனா நான் வந்தேன்ல?"

இனி இவள் வாசலைத் திறக்கவே மாட்டாளோ என்று நான் மூன்று வருடமாகப் பயந்துகொண்டிருந்ததற்கு அவள் பதில் சொல்லிவிட்டாள் என்பது எனக்கு உறைக்கவே கொஞ்சம் நேரம் ஆயிற்று. முன்னால் விசில் ஊதினார்கள். எல்லோரும் மலையடிவாரத்தில் வரிசை கட்டினார்கள்.

"வந்தேடி" என்றேன். "நீ வந்தே."